திருப்பி ஊட்டும் கவளம்

அத்தியாயம் 11

இன்றைக்கு என் முறை. கண் விழித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு அதுதான். பிஸ்மி சொல்வதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

போன வார அத்தியாயத்தை, என்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததோடு நிறுத்தியிருந்தேன். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் காமாரியா. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். இனிப்பு நீர் வந்து பல வருடமாகிறது, சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்கிறவள். அது போதாதென்று பித்தப்பையில் கல். என் வீட்டுக்காரர் ஹைதர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அத்தர் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் அமீரா. இவர்கள் இரண்டு பேரும் தங்கமானவர்கள். இந்தக் கதைக்கு ஒரு கெட்டவள் வேண்டுமே, அது என் வீட்டுக்காரரின் அக்கா மைமூன். என் மதினி.

மதினி எனக்குச் செய்த பாவம் இரண்டு.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று பெண்ணைப் பெற்றவள், தாய்மாமன் பெண்சாதிக்கு முதல் கவளத்தைத் தன் கையால் ஊட்ட வேண்டும். பிறகு கல்யாணத் தேதி வைக்கிற நாளில், தாய்மாமன் பெண்சாதி அவளுக்கு அதைத் திருப்பி ஊட்ட வேண்டும். ஊட்டுகிற கவளத்தை வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

மதினியின் மகள் ஃபராவுக்கு நிச்சயம் நடந்தது. ஃபராவுக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரர், ஆகவே வாயைத் திறக்க வேண்டியவள் நான். "மதினி, எனக்கு நெய் ஆகாது, கல்லு இருக்கு. வெறும் சோறா ஒரு பருக்கை போதும்" என்று முன்கூட்டியே காதில் சொல்லி வைத்திருந்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இவளுக்கு வாரத்துக்கு ஒரு வியாதி லா. எல்லாம் வெறும் காத்து, மின்யாக் ஆங்கின் தைலம் தடவுனா ஓடிப் போயிரும்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆட்டுக்கொழுப்பையும் நெய்ச்சோற்றையும் சேர்த்து உருட்டி என் வாயில் திணித்தாள். ஒன்றோடு விட்டாளா, மூன்று கவளம்.

அன்றைக்கு ராத்திரி நான் பட்ட பாட்டை ஏழாவது அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள். வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி முதுகைச் சுற்றித் தோள்பட்டைக்கு ஏறியது. தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டுக்கென்று போட்ட ஊசி மட்டும் உள்ளே இருந்து வேலை செய்தது. ரத்தத்தில் சீனி தரைக்கு இறங்கி, நான் யார் பேரையோ சொல்லிப் பிதற்ற, அமீரா என் வாயில் இனிப்புச் சிரப்பை ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். பித்தப்பை வீங்கிக் கிருமி பிடித்துவிட்டது என்றார்கள். அதை எடுக்கலாம் என்றால் என் சீனி குறைய வேண்டுமாம், குறையாமல் கத்தி வைக்க மாட்டார்களாம். அதற்குள் மதினி குடும்ப வாட்ஸ்அப்பில், "காமாரியா ரொம்ப செல்லம் கொஞ்சுறா" என்று எழுதியிருந்தாள்.

இதையாவது மன்னித்துத் தொலைத்திருப்பேன். இரண்டாவதை என்னால் முடியாது.

அந்த நிச்சயத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளை சாஹித்தின் சித்தி மகன் ஃபிக்ரிக்கு என் அமீராவைப் பிடித்துப்போயிற்று. ஜொகூரில் நல்ல வேலை, நல்ல பிள்ளை. நான் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்த நாட்களில் பேச்சு எடுத்தார்கள். அமீரா முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததேயில்லை. திடீரென்று பேச்சு நின்றது. வியாதிக் குடும்பம், பெண்ணுக்கும் வரும் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்களாம். யாரோவாம். என்னை வியாதிக்காரி என்று ஊர் பூராவும் தம்பட்டம் அடித்தது யார் என்று எனக்கா தெரியாது?

இன்றைக்கு ஃபராவுக்குத் தேதி வைக்கிறார்கள். திருப்பி ஊட்ட வேண்டியவள் நான். மூன்று வாரமாகக் குளிக்கும்போதும் துணி காயப் போடும்போதும் அதையேதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கவளமாக உருட்டி மதினி வாயில் வைக்க வேண்டும். வாய் நிறையச் சோறு இருந்தால் மனுஷியால் பதில் பேச முடியாது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாயார் ஜொஹாராம்மாவிடம், "என் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டது இவதான்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட வேண்டும். மதினி மென்று முடிப்பதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன்.

"விரலைக் காட்டுங்க உம்மா."

அமீரா ஊசியோடு வந்து உட்கார்ந்தாள். குத்திப் பார்த்து, "எட்டு, பரவால்ல" என்றாள். எங்கள் ஊர் மிஷினில் எட்டு என்றால் சீனி கொஞ்சம்தான் கூட. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிற பெண், வீட்டுக்கு வந்தால் எனக்குத் தாதி வேலையும் பார்க்கிறாள். என் சாப்பாடு சாமானியப்பட்ட விஷயமா? கல்லுக்காக எண்ணெயைக் குறைத்தால் பசி அடங்காமல் சோறு கூடிப்போகிறது. சோறு கூடினால் சீனி ஏறுகிறது. சீனிக்காகச் சோற்றைக் குறைத்தால் வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டு மாமியாருக்கு வாழ்க்கைப்பட்டவள் பாடுதான் என் பாடு. அமீராதான் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளையாகப் பிரித்து, அவித்த மீன், எண்ணெய் படாத தோசை, கீரைத் தண்ணி என்று தந்து ஒப்பேற்றுகிறாள்.

"அங்க போயி என்னா சாப்பிடப் போறீங்க?"

"நான் சாப்பிடவா போறேன்? ஊட்டப் போறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வம்பு வேணாம் உம்மா. அந்த ஃபிக்ரி இல்லன்னா எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போவல."

குறைந்துதான் போயிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது.

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசல்படியில் நின்றார். "நீ வராட்டிப் பரவால்ல காமாரியா. ஒடம்பு முடியலன்னு நான் சொல்லிக்கிறேன்."

"உங்க அக்காவைக் காப்பாத்தப் பாக்குறீங்களா மச்சான்?"

அவர் காடியை, அதாவது காரை, துடைக்கக் கீழே போய்விட்டார். நேற்றுத்தான் துடைத்திருந்தார்.

பட்டணத்துக்குப் போகிற வழி பூராவும் அவர் ரேடியோவைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தார். பள்ளிவாசல் கிட்டத்தில் காடி நிறுத்த இடம் தேடும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஜொஹாராம்மாகிட்ட பழசு எதையும் கிளறாத" என்றார்.

"ஏன், உங்க அக்கா மானம் போயிருமா?"

"யாரு மானமும் வேணாம். விட்ரு."

இந்த மனுஷனுக்கு அக்கா என்றால் உருகல். எனக்கு இன்னும் வெறி ஏறியது.

மதினி வீடு பழைய கடைவீடு. கீழே துணிக்கடை, மாடியில் இவர்கள். நெய் வாசனை படிக்கட்டிலேயே வந்து என்னை அறைந்தது. பட்டுச் சேலையும் கண்ணில் சுர்மாவுமாக மதினி அடுப்படியில் நின்று அதட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்துட்டியா? இந்தா, வெள்ளரிக்காய நறுக்கு. வேற என்னா முடியும் உனக்கு."

சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். நறுக்குறேன் மதினி, நறுக்குறேன் என்று மனசுக்குள் அவள் கையையே நறுக்கினேன்.

அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பருப்புத் தால்ச்சா. வழக்கமாக மதினி ஒவ்வொரு சட்டியிலும் கரண்டியை விட்டு நக்கிப் பார்க்காமல் இறக்க மாட்டாள். இன்றைக்கு மகளைக் கூப்பிட்டாள். "ஃபரா, உப்புப் பாரு." கல்யாணப் பெண்ணை எதற்கு உப்புப் பார்க்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மதினி மூலைக்குப் போய் ரெண்டு வறட்டு பிஸ்கட்டைத் தே ஓவில், பால் விடாத தேத்தண்ணியில், முக்கித் தின்றாள். அதுவும் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

என் கத்தி நின்றது.

சட்டியின் ஆவி முகத்தில் பட்டதும் மதினி பின்வாங்கினாள். இடது கை தானாக வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய் அமுக்கியது. வலது கை விலாவுக்குக் கீழே போயிற்று. மூச்சைப் பாதியில் நிறுத்தி, கொஞ்சம் முன்னால் குனிந்து, வலி கடக்கட்டும் என்று நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். என் வீட்டுக் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற அதே நிற்பு.

மதினிக்கும் கல்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளரிக்காய்த் தட்டால் வாயை மறைத்துக்கொண்டேன். அமீரா பார்த்துவிட்டு, "என்னா உம்மா சிரிக்கிறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, அல்லாஹ் பெரியவன்" என்றேன்.

மதினி பின்படியில் இறங்கிக் கீழே பின்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், இருட்டான இடம். சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எப்பலேர்ந்து மதினி?"

"என்னா எப்பலேர்ந்து?"

"தோள்பட்டை வரைக்கும் ஏறுதா, முதுகோட நிக்குதா? ராத்திரியிலதான கூட வரும்?"

என்னிடம் என்ன பொய் சொல்ல முடியும்? மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"வாயத் தொறக்காத காமாரியா. இன்னிக்கு ஒரு நாளு. தேதி வச்சிட்டு நான் டாக்டர்கிட்ட போயிக்கிறேன். இப்பத் தெரிஞ்சா அமீராவுக்கு ஆன மாதிரி ஃபராவுக்கும் ஆயிரும்."

"அமீராவுக்கு ஆனது யாரால?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் மேலேயிருந்து, "மாமி, அவுங்க வந்துட்டாங்க" என்று அமீரா கூப்பிட்டாள்.

"சின்னக் கவளமா ஊட்டு," என்று மதினி அவசரமாகச் சொன்னாள். "நெய் இல்லாம. வெறும் சோறா."

"நானும் அப்படித்தான கேட்டேன் மதினி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் ஒத்திகையை அங்கேயே தூக்கி எறிந்தேன். பேச்சு எதற்கு, பேச்சு? மூன்று கவளம் போதும். கொழுப்போடு, நெய்யோடு, சிரித்த முகத்தோடு. சம்பந்தி முன்னாலேயே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளட்டும். மின்யாக் ஆங்கினை நானே எடுத்துக் கொடுக்கிறேன். உள் அறைக்குப் போய், சோறு வரப்போகிறதே என்று என் ஊசியைப் போட்டுக்கொண்டேன். கை நடுங்கவில்லை. அவ்வளவு நிதானமாக இருந்தேன்.

பெண்களுக்கு முன்னறையில் சஹன் வைத்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஆள் குளிக்கிற அகலத்துக்கு ஒரு தட்டு. நடுவில் நெய்ச்சோறு மலையாக இருக்கும், மேலே கறி. சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைப்போம். எங்கள் சஹனில் ஜொஹாராம்மா, மதினி, நான், அமீரா. ஃபரா தலைகுனிந்து தாயாரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் அடுத்த அறையில்.

ஜொஹாராம்மா தடித்த கண்ணாடி போட்ட, கலகலப்பான மனுஷி. "என்னா, மாமன் பொண்டாட்டி ஊட்டுனாத்தான எங்களுக்கெல்லாம் சோறு? ஆரம்பிங்க லா, பசிக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கறியைக் கிளறினேன். வெள்ளையாக, துடிக்கிற மாதிரி ஒரு கொழுப்புத் துண்டு அகப்பட்டது. அதை நெய்ச்சோற்றில் வைத்து உருட்டினேன். விரல் இடுக்கில் நெய் ஒழுகியது. மதினி அந்தக் கவளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "சின்னதா" என்றாள், சத்தமில்லாமல்.

"வாயத் தொறங்க மதினி" என்றேன், தேன் ஒழுக.

திறந்தாள். சபையில் வேறு என்ன செய்வாள்? நான் கிட்டே நெருங்கினேன். என் விரல் அவள் உதட்டில் பட்டது.

சுட்டது.

சோற்றுச் சூடு இல்லை அது. அவள் உதடு கொதித்துக்கொண்டிருந்தது. தாடை லேசாக, நிற்காமல் நடுங்கியது. முன்னறையில் வெள்ளை டியூப்லைட். சுர்மாவுக்கு உள்ளே, வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள்.

என்னை வீட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சின்ன டாக்டர் பெண் திரும்பத் திரும்பச் சொன்னது காதில் வந்தது. வலி வந்தால் மாத்திரை போடுங்கள். கண் மஞ்சளாகி, குளிர்காய்ச்சலும் வந்தால் கல் பித்தக் குழாயை அடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒரு நிமிஷம் வீட்டில் இருக்கக் கூடாது, உயிருக்கு ஆபத்து.

கவளம் என் கையில் இருந்தது. வாய் எதிரே இருந்தது. பாவி, இந்தக் கவளத்துக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்.

திருப்பிச் சஹனிலேயே போட்டேன்.

ஊட்ட வந்த கவளத்தைத் தட்டில் போடுவது எங்களில் யாரும் செய்யாத காரியம். ஃபரா, "மாமி" என்றாள், அழுகிற குரலில்.

மெதுவாகக் காதில் சொல்லியிருக்கலாம். ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே அழைத்துப் போயிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. அடுத்த அறை ஆண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"மதினிக்கு நெய் ஆகாது. என்னை மாதிரியே பித்தப்பையில கல்லு. இத்தனை நாளா மறைச்சு வச்சிருக்காங்க. கண்ணு மஞ்சளாயிருச்சு, காய்ச்சல் கொதிக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அவள் உயிரையும் காப்பாற்றினேன், மானத்தையும் வாங்கினேன், இரண்டுக்கும் ஒரே மூச்சுத்தான் செலவாயிற்று.

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல, இல்ல. ஒண்ணுமில்ல. வெறும் காத்து."

"அப்ப மின்யாக் ஆங்கின் எடுத்துட்டு வரவா மதினி?"

அமீரா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். போதும் என்று அர்த்தம்.

நான் ஜொஹாராம்மாவைப் பார்த்தேன். இப்போது எழுந்து போவார், தேதியாவது கீதியாவது என்பார், வியாதிக் குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்பார். அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மதினியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நெற்றியில் புறங்கையை வைத்தார். "அட ஏம்மா மைமூன், இதுக்கா மறைச்சீங்க? எனக்கே பித்தப்பைய எடுத்து எத்தனையோ வருசமாச்சு. ஊரு பூரா பொம்பளைங்களுக்கு இருக்கு. யாராச்சும் காடிய எடுக்கச் சொல்லுங்க. தேதி எங்கயும் ஓடிப் போயிராது, பொண்ணு எங்க பொண்ணுதான்."

ஃபரா தாயாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் அடி காற்றில் போயிற்று. வெட்கமும் கோபமும் சேர்ந்துகொண்டன. வாயில் இருந்த கேள்வி தானாகவே வந்து விழுந்தது.

"அப்ப என் பொண்ணை மட்டும் ஏன் வேணாம்னீங்க? நான் வியாதிக்காரின்னு மதினி வந்து சொன்னதுனாலதான?"

ஜொஹாராம்மா திரும்பினார். நிஜமாகவே புரியாத பார்வை.

"யாரு வேணாம்னா? மைமூன் அமீராவைப் பத்தி நல்லதுதான் சொன்னாங்க. என் தங்கச்சியும் ஃபிக்ரியும் இன்னும் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டுக்காரர்தான போன் அடிச்சாரு. பொண்ணுக்கும் இனிப்பு நீர் ஆரம்பிச்சிருச்சு, தூரமா ஜொகூருக்கெல்லாம் அனுப்ப முடியாது, இத்தோட விட்ருங்கன்னு கெஞ்சுனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

என் முழங்கையில் இருந்த அமீராவின் கை விலகியது.

அமீராவுக்கு ஒரு வியாதியும் இல்லை. அவள் ரத்தத்தை நானே போன வருடம் கூட்டிப் போய்ச் சோதித்தேன்.

மதினி, மகள் தோளில் தலையைச் சாய்த்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "பின்கட்டுல சொல்ல வந்தேன் காமாரியா. என் தம்பியாச்சேன்னு வாய அடக்கிக்கிட்டேன்."

நிலைப்படியில் என் வீட்டுக்காரர் நின்றார். அக்காவைத் தூக்க ஓடி வந்தவர். கையில் காடிச் சாவி. எல்லாம் காதில் விழுந்திருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யாரையும் பார்க்காமல் குனிந்து அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்தார்.

காடியில் பின் சீட்டில் நானும் மதினியும். அவள் தலை என் மடியில். இந்தத் தலையை என்னவெல்லாம் சபித்திருக்கிறேன், இப்போது அதன் மேல் ஈரத் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் அமீரா, நிமிர்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி. என் வீட்டுக்காரர் ஹார்னை அடித்துக்கொண்டே ஓட்டினார்.

நான் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க அதிகம் ஒன்றுமில்லை. அமீரா ஜொகூர் போய்விட்டால் என் விரலை யார் குத்துவது? ஆறு வேளைக் கஞ்சியை யார் வைப்பது? ராத்திரியில் சீனி இறங்கினால் சிரப்பை யார் ஊற்றுவது? கடையை மூடிவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்கிற மனுஷன் செய்வாரா? மகளை விட்டுவிட்டால் பெண்சாதியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக, இல்லாத வியாதியை என் பிள்ளை தலையில் கட்டினார். அது ஜொகூரோடு நிற்குமா? நாளைக்கு வேறு யார் பெண் கேட்டு வந்தாலும் அந்த வியாதி அவளுக்கு முன்னால் போய் நிற்கும். இத்தனை நாளும் அந்த மனுஷன் கையால் தே ஓ வாங்கிக் குடித்துக்கொண்டு, மதினியைக் கறுவிக்கொண்டிருந்தேன்.

மதினியின் நெற்றியில் இருந்த என் கை நடுங்கியது. ஜாக்கெட் முதுகோடு ஒட்டியது. கோபம்தான் என்று நினைத்தேன். எதிரே போன பஸ் இரண்டாகத் தெரிந்தது.

அமீரா திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அழுகையெல்லாம் எங்கோ போயிற்று.

"உம்மா, ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

தலையசைத்தேன்.

"ஒரு வாய் சாப்பிட்டீங்களா?"

இல்லை. அந்தச் சஹனில் நான் தொட்ட ஒரே கவளத்தை மதினிக்காக உருட்டினேன், தட்டிலேயே திருப்பிப் போட்டேன்.

அவள் பேச்சை வளர்க்கவில்லை. கைப்பையைத் திறந்து, எப்போதும் எனக்காகவே வைத்திருக்கிற டப்பாவிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தாள். கொட்டையை நீக்கினாள். சீட்டுக்கு மேலே எட்டி, "வாயத் தொறங்க" என்றாள்.

அவள் அப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்க்கையைக் கெடுத்த அதே தாதி வேலையை, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே செய்தாள். முன் கண்ணாடியில் என் வீட்டுக்காரரின் கண் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பியது. என் மகள் எனக்கு ஊட்டினாள். ஒன்று, பிறகு இன்னொன்று.

வாய் நிறைய இருந்தால் மனுஷியால் பேச முடியாது. நான் அவசரப்படவில்லை. தித்திப்பு தொண்டையில் இறங்குகிற வரை, கை நடுக்கம் நிற்கிற வரை, எதிரே போகிற பஸ் மறுபடி ஒன்றாகத் தெரிகிற வரை மென்றேன். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது. மதினியின் தலையை மெதுவாக, சீட்டில் கிடந்த அமீராவின் சால்வை மேல் நகர்த்தி வைத்தேன்.

விழுங்கி முடித்துவிட்டு, "மச்சான்" என்று கூப்பிட்டேன்.